விடுப்பு முடிந்த இருபத்தெட்டாம் நாள்

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எனக்கு நாற்பது விநாடி அதிகமாகிவிட்டது. கோட்டில் நின்ற சுபேதார் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்காமலே தாளில் 'ஃபெயில்' என்று எழுதினார். தங்கமான மனிதர். என்னைவிட அவருக்குத்தான் வருத்தம் அதிகம். நான் ராணுவத்தில் வக்கீலாக வேலையில் சேர்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. விடுப்பு முடிந்து வந்த வாரத்திலேயே மறுபடி ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாற்பது விநாடியைக் குறைக்க ஊருக்கு வந்த இடத்தில்தான் ஒருவனுடைய பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தேன்.

வக்கீலுக்கு எதற்கு ஓட்டம் என்று தென்காசியில் கேட்காத ஆள் இல்லை. நான் இரண்டு வருடம் ஜூனியராக இருந்த ஆபீஸில் சீனியர் கேட்டார், அவருடைய குமாஸ்தா கேட்டார், கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் போடுகிறவர்கூடக் கேட்டார். என் வேலை கோப்பு படிப்பது. எங்கேயோ ஒரு படைப்பிரிவில் விசாரணை நடந்திருக்கும். அது சட்டப்படி நடந்ததா, தண்டனை சரியா என்று பார்த்து நான்கு பக்கம் எழுத வேண்டும். அதை உட்கார்ந்துதான் எழுத முடியும். ஆனால் போட்டிருக்கிற சீருடை எல்லோருக்கும் ஒன்று என்பதால் ஓட்டமும் எல்லோருக்கும் உண்டு. டாக்டரும் ஓடுகிறார், சமையற்காரரும் ஓடுகிறார். இதில் வாதாட ஒன்றுமில்லை. வாதாடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சென்னையில் பயிற்சிக்குப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். அதிகாலையில் விசில் சத்தம் கேட்டு ஓடத் தொடங்கினால் இரவு படுக்கும் வரை ஓட்டம்தான். சாப்பாட்டு மேசைக்கும் ஓட்டம், வகுப்புக்கும் ஓட்டம். கயிற்றில் ஏறத் தெரியாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த என்னைக் கீழே நின்ற பயிற்சியாளர், உஸ்தாத் என்போம், அண்ணாந்து பார்த்து, வக்கீல் மேடம் மேலேயே வாய்தா வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஏறிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கை கால் வேலை செய்யும், மூளைதான் கொஞ்சம் நின்றுவிடும். இது என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பயிற்சி முடிந்து சேர்ந்த ஆபீஸில் என் மேசைக்கு வருகிற கோப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். விடுப்பில் போன ஜவான் குறித்த நாளில் திரும்பவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீடு இடிந்துவிட்டது, தங்கைக்குக் கல்யாணம். முதல் நாள் வெறும் தாமதம். இரண்டாம் நாள் பயம். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. முப்பது நாள் ஆனால் விசாரணைக் குழு கூடி, ஆள் வரவில்லை என்று பதிவு செய்யும். அன்றிலிருந்து அவன் ஓடிப்போனவன் கணக்கு. அதற்கு முன்னால் தானாக வந்துவிட்டால் அநேகமாகச் சின்னத் தண்டனையோடு முடியும். இந்தக் கோப்புகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. இப்படிப்பட்ட ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

ஊருக்கு வந்தபோது குற்றால சீசன் தொடங்கியிருந்தது. வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஆபீஸர் என்பதைத் தெருவில் யார் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். மகள் ஓட்டத்தில் தோற்றதை மட்டும் சொல்வதில்லை. அம்மாவுக்கு நான் இளைத்துவிட்டேன் என்று கவலை. எனக்கு இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும் என்று கவலை. இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவில் தினமும் ஒரு தோசை கூடுதலாக விழுந்தது.

காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் குற்றாலம் போய், ஐந்தருவிக்குப் பிரிகிற ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுவேன். ஏழு மணிக்கு மேல் போனால் வேன்களும் எண்ணெய் தேய்த்த உடம்புகளுமாக ரோட்டில் காலை வைக்க முடியாது. மூன்றாம் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, பக்கத்தில் ஒருவன் சத்தமே இல்லாமல் ஓடிப் போனான். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் பட்டாளத்து ஆள் என்று தெரிந்தது. அவனுக்கும் என்னைத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து விறைப்பாக நின்று, "ஜெய்ஹிந்த் மேடம்" என்றான். ஏட்டையா மகள் ராணுவத்தில் ஆபீஸராக இருப்பது பக்கத்து ஊரான இலத்தூர் வரைக்கும் போயிருந்தது. அவன் இலத்தூர்க்காரன். வடக்கே ஒரு படைப்பிரிவில் ஆறு வருடமாக இருப்பதாகவும், அங்கே ஓட்டப் பந்தயக் குழுவில் இருப்பதாகவும், இப்போது விடுப்பு என்றும் சொன்னான்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம். என்னைவிட இரண்டு வயது சின்னவன். இரண்டே நாளில் மேடம் போய் அக்கா ஆயிற்று. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. நான் பத்தடிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அதைக் கழற்றித் தரச் சொன்னான்.

"கடியாரத்தப் பாத்தா கால் நிக்கும்க்கா. என் குதிங்காலப் பாத்து வாங்க. மேல பாக்காதீங்க, ஏத்தம் எவ்ளோ இருக்குன்னு கண்ணுக்குத் தெரியவே வேண்டாம்."

அப்படியே செய்தேன். அவன் இரண்டடி முன்னால் ஓடுவான். தேய்ந்த காலணியின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். ஐந்தருவிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அதுதான் எங்கள் எல்லை. அங்கே போனதும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வான். பிறகு அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். மறுநாள் கிளம்பும்போது நான் மறந்துபோய்க் கட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதாம். பத்து நாளில் என் நேரம் குறைய ஆரம்பித்தது. நான் வீட்டில் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏட்டி, அந்தப் பயலுக்கு எத்தன நாள் லீவு?" என்று கேட்டார். போலீஸ்காரர் புத்தி, யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று சொல்லிச் சிரித்தேன். அவனிடம் போன் நம்பர் கேட்டபோது போன் ரிப்பேரில் கிடக்கிறது என்று சொல்லியிருந்தான். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். கூட வேலை பார்க்கிற ஒருத்தன் லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை, அவனை என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

தென்காசிக் கோர்ட்டில் இரண்டு வருடம் இருந்தவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அங்கே எந்தக் கட்சிக்காரரும் தன் வழக்கைத் தன் வழக்கு என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார். சொக்காரனுக்கு என்பார், கொழுந்தியாள் வீட்டுக்காரருக்கு என்பார். நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் ஒரே வாக்கியம்தான் சொல்வேன். சீனியரிடம் கற்றுக்கொண்டது. அன்றைக்கும் வாய் தானாக அதைச் சொன்னது.

"வக்கீல்கிட்ட எதையும் மறைக்காத. முழுசாச் சொல்லு."

சொன்னான். அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது குழந்தை கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தே படைப்பிரிவு ஆபீஸுக்குப் போன் செய்து நாள் நீட்டிக்கக் கேட்டிருக்கிறான். டாக்டர் சீட்டோடு மனு அனுப்பு என்றிருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்பினான். பதில் வரும் வரும் என்று நான்கு நாள் இருந்துவிட்டான். பதிலுக்குப் பதிலாகத் திட்டு வந்தது. மனைவி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. போனை அணைத்துவைத்தான். அதற்குப் பிறகு போகலாம் என்று நினைத்த ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடப் போவது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. அன்றைக்கு இருபத்தாறாம் நாள். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து ஓடியபோதே அவன் விடுப்பு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. முழுசாகச் சொல் என்று சொன்னேனே, முழுசாகச் சொன்னான்.

"இனி போறதா இல்லக்கா. அத்தன பேரு முன்னால தலயக் குனிஞ்சு நிக்க என்னால ஆவாது. மலைக்கு அங்கிட்டு புனலூர்ல ஒரு மர மில்லுல வேல சொல்லி வச்சிருக்கேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். தென்காசி வக்கீலாக இருந்தால் இது என் கட்சிக்காரர் சொன்ன விஷயம். என் நெஞ்சோடு பூட்டி வைக்கலாம். பூட்டி வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நான் இப்போது யாருக்கும் வக்காலத்து வாங்குகிற வக்கீல் இல்லை. சம்பளம் வாங்குகிற ராணுவ அதிகாரி. நாள் தாண்டி வீட்டில் இருப்பது ஒரு குற்றம், அது சிறியது. திரும்பிப் போகக் கூடாது என்ற எண்ணத்தோடு இருப்பது வேறு குற்றம், அது பெரியது. இரண்டுக்கும் வித்தியாசம் மனதில் உள்ள அந்த எண்ணம் மட்டும்தான். அதை நான் கேட்டு வாங்கியிருந்தேன். அப்படி ஓடிப்போன ஒருவனைத் தெரிந்துகொண்ட ராணுவத்தார் யாராக இருந்தாலும் உடனடியாக மேலே தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அது அவர்களுடைய குற்றம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்திருந்தேன்.

சட்டம் உடனடியாக என்கிறது. நான் வீட்டுக்குப் போய் இட்லி தின்றேன். மத்தியானம் தூங்க முடியாமல் புரண்டேன். முப்பது நாள் ஆகாதவரை அவன் ஓடிப்போனவன் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். எண்ணம் வெளிப்பட்ட பிறகு நாள் கணக்கு எதற்கு என்று எதிர்த்தரப்பாகவும் நானே பேசினேன். அவன்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது. அம்மா இரண்டு முறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஓடி முடித்த பிறகு டீக்கடைக்கு வெளியிலேயே அவனை நிறுத்திச் சொன்னேன். நான் அவனுக்கு வக்கீல் இல்லை என்றேன். கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன், அது என் தவறு, ஆனால் கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியாது என்றேன். இன்று இருபத்தேழு. படைப்பிரிவு வரை போக வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ராணுவ முகாம் இருக்கிறது, அங்கே போய் வந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். கோப்புகளில் படித்தது எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியாக இதையும் சொன்னேன்:

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குள்ள நீ கெளம்பலன்னா, நான் போன் பண்ணுவேன். பண்ணித்தான் ஆகணும்."

அவன் ரொம்ப நேரம் மலையைப் பார்த்தான். "காலைல பாப்போம்க்கா" என்றான். நான் அதை ஓட வருகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். ஓடிவிட்டுப் போவான், என்னிடம் சொல்லிவிட்டுப் போவான், நான் வாழ்த்தி அனுப்புவேன் என்று மனதுக்குள் முழுக் காட்சியும் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நாள் ஐந்தரைக்கு வழக்கமான இடத்தில் நின்றேன். ஐந்தே முக்கால், ஆறு, ஆறே கால். அவன் வரவில்லை. சாரல் கொஞ்சம் பலத்தது. ரம்புட்டான் விற்கிற அம்மா தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டே, இன்னைக்கு ஓடலையா என்று கேட்டாள். ஆறரைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்னிடம் ஒப்புக்கொண்டதுபோல நடித்துவிட்டுப் புனலூருக்கு ஓடிவிட்டான் என்று நம்பினேன். ஏமாந்தேன் என்ற நினைப்புதான் தாங்கவில்லை. ஏழு அடித்ததும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், என் மேலதிகாரியான கர்னலுக்குப் போன் செய்து அவன் பெயரையும் படைப்பிரிவையும் ஊரையும் சொன்னேன். கர்னல் குறித்துக்கொண்டார். எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்று முன்தினம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். பிறகு சரி என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், நடந்தே ஐந்தருவிப் பக்கம் ஏறினேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லா மேசைக்குள் கைவிட்டு என் கடிகாரத்தை எடுத்து நீட்டினார்.

"தம்பி நேத்து சாயந்திரமே வந்து குடுத்துட்டுப் போச்சும்மா. அக்கா காலைல ஓடி வருவாங்க, குடுத்துருங்க, நான் விடியக் கருக்கல்ல வண்டி ஏறிருதேன்னு சொல்லுங்கன்னுச்சு. ஒங்களத்தான் இவ்வளவு நேரம் காணோம்."

செங்கோட்டையிலிருந்து கொல்லத்துப் பக்கம் போகிற விடியற்காலை ரயிலில், திருவனந்தபுரம் முகாமுக்குத்தான் அவன் போயிருக்கிறான். நான் கீழே போனில் மணி பார்த்து நின்ற நேரத்தில் மலைக் குகைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கு ஒரு நாள், அவன் இல்லாமல் தனியாக ஓடியிருந்தால், ஆறு மணிக்கு எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஓட வந்தவள் ஓடாமல் நின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

கர்னலுக்கு மறுபடி போன் செய்தேன். தகவல் ஏற்கெனவே படைப்பிரிவுக்கும் அங்கிருந்து எங்கள் ஊர்ப் போலீஸுக்கும் போய்விட்டது என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். அவன் வீட்டுக்கு வழி கேட்கத் தேவை இருக்கவில்லை. தெருவே வாசலில் நின்றது. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது. அவன் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மெலிந்த பெண்.

"அவுக வண்டிக்குப் போயிட்டாகன்னு சொன்னேன். நம்பாம உள்ள வந்து பாத்தாக" என்றாள். பிறகு என் ஓட்டக் காலணியைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போலீஸுக்குச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் அவன் முகாமில் போய் நின்றுவிட்டான். ஆனால் தகவல் ஏழு மணிக்கே பதிவாகியிருந்தது. தானாக வந்தானா, போலீஸ் தேடுவது தெரிந்து வேறு வழியில்லாமல் வந்தானா என்று அவன் படைப்பிரிவில் கேள்வி எழுந்தது. முதலாவது என்றால் சின்னத் தண்டனை. இரண்டாவது என்றால் வேலையே போகலாம். ஆறு வருடச் சர்வீஸ். அவன் தானாகத்தான் வந்தான் என்று ராணுவத்துக்குள்ளிருந்து சாட்சி சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

விடுப்பு முடிந்து திரும்பியதும் கர்னல் என்னைக் கூப்பிட்டார். நிதானமாகப் பேசுகிறவர். நீ எழுதிக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், ஆனால் எழுதினால் பாதி எழுதக் கூடாது என்றார். நான் இரண்டு நாள் சும்மா இருந்தது அதில் வரும். அவன் புனலூர் வேலையைப் பற்றிச் சொன்னதும் வரும்.

கடிகாரத்தை அவன் முந்தின நாள் சாயந்திரமே டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனது அவனைக் காப்பாற்றும். "இனி போறதா இல்லக்கா" என்பது அவனைக் கவிழ்க்கும். முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? டீக்கடைப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரு முழுச் சாயங்காலம் அந்த ஒரு வரியை அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தேன். கடைசியில் எழுதினேன். அவன் எந்த நிலையில் அதைச் சொன்னான், குழந்தை போனது, மனைவி படுத்திருந்தது எல்லாவற்றையும் எழுதினேன். கேட்க உரிமை இல்லாத நான் கேட்டதால் சொன்னான் என்பதையும், தெரிந்தும் இரண்டு நாள் தெரிவிக்காமல் இருந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீக்கடைக்காரரும் கடிகாரம் பற்றி எழுதிக் கொடுத்தார்.

கடிகாரம் வென்றது. நாள் தாண்டி இருந்த குற்றம் மட்டும்தான் என்று முடிவாகி, பதினான்கு நாள் ராணுவக் காவலில் இருந்துவிட்டு அவன் வேலைக்குத் திரும்பினான். என் கோப்பில் கண்டிப்புக் கடிதம் ஒன்று ஏறியது. அது நியாயம்தான். மறு ஓட்டத்தில் கடிகாரத்தைக் கழற்றிச் சுபேதாரிடமே கொடுத்துவிட்டு, முன்னால் ஓடிய ஒரு நர்ஸ் அதிகாரியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். தேறிவிட்டேன். சுபேதார் இந்த முறை முகத்தைப் பார்த்து எழுதினார். அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறு வருடம் சீசனுக்கு ஊருக்கு வந்தேன். காலை ஐந்தரைக்கு ஐந்தருவி ரோட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவனும் விடுப்பில்தான். இந்த முறை கேட்டேன், எத்தனை நாள் என்று. மரியாதையாகத் தேதி சொன்னான். விறைப்பாக நின்று, "ஜெய்ஹிந்த் மேடம்" என்றான். மனைவி நன்றாக இருப்பதாகச் சொன்னான். ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்திருக்கிறாளாம், மறுபடி மூன்றாம் மாதம்.

நான் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். முன்னால் ஓடு என்றேன்.

"இல்ல மேடம். நீங்க முன்னால போங்க."

ஆபீஸருக்கு முன்னால் ஜவான் ஓடுவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருடமும் தெரிந்துதான் இருந்தது. ஏற்றம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் அவன் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. பார்ப்பதற்குக் குதிகால் இல்லாமல் ஏற்றத்தையே பார்த்துக்கொண்டு ஓடினேன். நேரம் மோசமாக வந்தது.

டீக்கடையில் நான்தான் பேச்சை எடுத்தேன். விசாரணையில் என் வாக்குமூலத்தை அவன் முன்னால் வாசித்திருப்பார்கள், அது விதி. அந்த ஒரு வரியை நான் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதுனது சரிதான் மேடம். நான் வக்கீல்கிட்டச் சொல்லுதேன்னு நெனச்சேன்."

டீக்கடைக்காரர் வழக்கம்போல இரண்டு டீ போட்டுப் பெஞ்சின்மேல் வைத்தார். நான் உட்கார்ந்தேன். அவன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றபடியே குடித்தான். பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்திருப்பான், ஆனால் அது உத்தரவாகிவிடும்.